சென்னை மாதிரி நெருக்கமான ஊரில், ஊருக்குள்ளேயே பிரீகாஸ்ட் யார்டு (சுவர், தளம் மாதிரி துண்டுகளை முன்கூட்டியே கான்கிரீட்டில் வார்த்து வைக்கிற இடம்) போட்டு வீடு கட்டிக் கொடுப்பது கட்டுப்படியாகுமா?

நீங்கள் அநேகமாக மோல்டு (வார்க்கிற அச்சு) விலை, இட வாடகை, ஆள் கூலி என்று எக்செல்லில் போட்டுப் பார்த்துவிட்டுத்தான் கேட்கிறீர்கள். நான் கேட்பது வேறு. வீடு கட்டப்போகிற தெருவை டேப் வைத்து அளந்தீர்களா?

ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஒரு யார்டில் 11 வருஷம் இருந்தேன். எனக்குச் சோறு போட்டதே பிரீகாஸ்ட்தான், அதனால் நான் அதற்கு எதிரி என்று யாரும் சண்டைக்கு வர வேண்டாம்.

மேற்கு மாம்பலத்தில் 2 கிரவுண்டு மனை, ஸ்டில்ட் பிளஸ் 4, அதாவது கீழே வண்டி நிறுத்தம், மேலே 4 மாடி. வாடகை வீட்டில் இருந்த உரிமையாளருக்குச் சீக்கிரம் குடியேற வேண்டும். பகலில் கனரக வண்டியை ஊருக்குள் விட மாட்டார்கள். அதனால் இரவு 11 மணிக்கே கிரேன் போய் நின்றுவிட்டது. ஹாலோகோர் ஸ்லாபு (உள்ளே நீளவாக்கில் துளை விட்டு வார்த்த தளப் பலகை) ஏற்றிய டிரெய்லர் ஒரு மணிக்கு மேல் வந்தது. ஒரு ஸ்லாபு ஒன்றரை டன், 5 மீட்டர் நீளம். தெருமுனையில் திரும்பும்போது, கவர் போட்ட கார் ஒன்று நிற்கிறது. கதவைத் தட்டினால் லுங்கியோடு பெரியவர் ஒருவர் வந்து, "சாவி பையன்கிட்ட இருக்கு தம்பி, அவன் பெங்களூரு போயிருக்கான்" என்கிறார். டிரைவர் ஒடித்து ஒடித்துப் பார்த்தார். பின் சக்கரம் மழைநீர் வடிகால் மூடி மேல் ஏறியது, மூடி உடைந்து உள்ளே இறங்கியது. டார்ச் அடித்துக்கொண்டிருந்த பையன் கத்தாமல் இருந்திருந்தால் வண்டியே சாய்ந்திருக்கும். ஏற்றிய லோடு நாலரை மணிக்கு அப்படியே யார்டுக்குத் திரும்பியது. கிரேனுக்கு முழு ஷிப்ட் வாடகை கொடுத்தோம்.

கார் விஷயம் சொல்லியே ஆக வேண்டும். வீட்டில் நிறுத்த இடம் இல்லாதவர்கள் தெருவை ஏன் ஷெட் ஆக்குகிறார்கள்? என் அப்பாவுக்கு நெஞ்சுவலி வந்த அன்று ஆம்புலன்ஸ் எங்கள் தெருவுக்குள் வர முடியாமல், ஸ்ட்ரெச்சரில் முனை வரைக்கும் தூக்கிக்கொண்டு போனோம். அந்தக் கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை.

சரி, கேள்விக்கு வருகிறேன். யார்டு ஊருக்குள் இருந்தால் தூரம்தான் குறையும், தெரு அகலமாகாது. அப்புறம், வார்க்கிற இடத்தைவிட அடுக்கி வைக்கிற இடம்தான் அதிகம் வேண்டும். 3 மீட்டருக்கு 3 மீட்டர், 150 மில்லிமீட்டர் கனத்தில் சுவர் பேனல் ஒன்றே மூன்றேகால் டன்னுக்கு மேல். காலையில் மோல்டைக் கழற்றினாலும் சைட் தயாராகும்வரை அது உங்கள் யார்டில்தான் நிற்கும். சென்னைக்குள் அந்த இடத்துக்கு என்ன விலை என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

வரியும் இடிக்கும். மேஸ்திரி சைட்டில் ஊற்றினால் சிமெண்டுக்கும் கம்பிக்கும்தான் வரி, அவர் கூலிக்குப் பெரும்பாலும் இல்லை. ஆலையில் வார்த்த துண்டுக்கு, கூலி உட்பட முழு விலைக்கும் 18 சதவீத ஜிஎஸ்டி. சொந்த வீடு கட்டுகிறவர் அதைத் திரும்ப எடுக்க முடியாது.

"பெரும்பாக்கத்தில் பிரீகாஸ்டில் கட்டினார்களே" என்பீர்கள். 2022 மே மாதம் திறந்த அந்தத் திட்டத்தில் 1,152 வீடுகள். எல்லாம் ஒரே மாதிரி, திறந்த மனை. ஒரே மோல்டில் திரும்பத் திரும்ப வார்க்கலாம், கிரேன் சுற்றி வரலாம். சிங்கப்பூரில் இடப் பஞ்சத்துக்கு ஆலையையே பல மாடியாகக் கட்டியிருக்கிறார்கள். அங்கே வீட்டு வசதி வாரியம் என்ற ஒரே ஆள் ஆயிரக்கணக்கில் வாங்குகிறார். உங்களுக்கு வருகிற ஆர்டரோ ஆளுக்கு ஒரு பிளான், வாஸ்துவுக்காகப் பாதியில் மாறும் கதவு.

ஆனாலும் படிக்கட்டு, லாஃப்ட், சன்ஷேடு, காம்பவுண்டு சுவர் பலகை மாதிரி சின்ன துண்டுகளுக்கு ஊருக்குள் யார்டு தாராளமாகப் போடலாம். டாடா 407 போகிற தெருவுக்கெல்லாம் அவை போகும், நாலு பேர் செயின் பிளாக் (கையால் இழுக்கிற சங்கிலிக் கப்பி) வைத்து ஏற்றிவிடுவார்கள். மாம்பலத்து வீட்டிலும் கடைசியில் அதைத்தான் செய்தோம். தளத்தை அங்கேயே ஊற்றிவிட்டு, படிக்கட்டை மட்டும் யார்டிலிருந்து கொண்டுபோய் வைத்தோம்.