கண்மாய்க் கரையைப் பிடித்து நடங்கள்

(வாசகர் கேள்வி - பதில்)

கேள்வி: எனக்கு 58 வயது, முழங்கால் வலி உண்டு. கணவர் ஓய்வு பெற்றுவிட்டார். மைதானத்தையே சுற்றிச் சுற்றி நடந்து இருவருக்கும் சலித்துவிட்டது. மதுரையிலிருந்து ஒரு மணி நேரத்துக்குள், மலை ஏறாமல், பச்சையைப் பார்த்துக்கொண்டே நடக்க எங்கே போகலாம்? எங்களிடம் கார் இல்லை.
- வாசகி, எல்லீஸ் நகர்

பதில்: சோழவந்தானுக்குப் போங்கள் அம்மா. சுமார் 25 கிலோமீட்டர்தான், பஸ் அடிக்கடி உண்டு, ரயிலும் நிற்கும். காலையில் சீக்கிரம் போய் இறங்கி, ஒரு டீயைக் குடித்துவிட்டு, வைகைப் பாலத்தைத் தாண்டித் தென்கரைக்கு நடங்கள். மேடு பள்ளம் இல்லாத வழி. பாலத்தில் கொஞ்சம் நின்று ஆற்றைப் பாருங்கள், அணையில் தண்ணீர் திறந்திருக்கும் நாட்களில் வைகையா இது என்று கேட்பீர்கள், மற்ற நாட்களில் மணலும் நாணலும் நடுவில் ஒரு வாய்க்கால் அளவுக்குத் தண்ணீரும் இருக்கும், கொக்குகளுக்கு அதுவே போதும். மறுகரையில் தென்னந்தோப்பு, வயல், அப்புறம் வெற்றிலைக் கொடிக்கால். சோழவந்தான் வெற்றிலை புவிசார் குறியீடு வாங்கிய வெற்றிலை. நெருக்கமாக நட்ட அகத்தியில் கொடியை ஏற்றிக் கட்டியிருப்பார்கள், உள்ளே வெளிச்சம் பச்சையாக இறங்கும், வெளியே வெயில் ஏறியிருந்தாலும் அங்கே மண் ஈரமாகக் குளிர்ந்து கிடக்கும். வேலை செய்பவர்கள் செருப்பைக் கழற்றி வைத்துவிட்டுத்தான் கொடிக்காலுக்குள் போவார்கள். நீங்கள் வெளியே நின்று கேளுங்கள், பெரும்பாலும் "வாங்க, வந்து பாருங்க" என்றுதான் சொல்வார்கள், அப்போது நீங்களும் செருப்பைக் கழற்றிவிடுங்கள். போனதற்கு ஒரு கவுளி வெற்றிலை வாங்கி வந்தால் அவர்களுக்கும் சந்தோஷம்.

தென்கரை மூலநாதர் கோயிலில் உட்கார்ந்து கால் ஆறலாம். முடிந்தால் அங்கிருந்து கண்மாய்க் கரை, முடியாவிட்டால் பஸ் பிடித்துத் திரும்பிவிடலாம். பஸ் போகிற சாலை பக்கத்திலேயே இருப்பது உங்களுக்குப் பெரிய வசதி. எங்கே வலித்தாலும் அங்கேயே நடையை நிறுத்திக்கொள்ளலாம், திரும்பி நடக்க வேண்டுமே என்ற கவலை இல்லை. முழங்கால் வலி உள்ளவர்கள் இடத்தைத் தேர்ந்தெடுக்கும்போது அழகுக்கு முன்னால் இதைத்தான் பார்க்க வேண்டும். சாதாரண கட்டண டவுன் பஸ்ஸாகப் பார்த்து ஏறினால் பெண்களுக்கு இலவசம் என்பதால் உங்களுக்கு டிக்கெட் காசும் கிடையாது, உங்கள் கணவருக்கு மட்டும்தான்.

கேள்வி: இந்த மாதிரி இடங்களை நாங்களாகவே கண்டுபிடிப்பது எப்படி? இணையத்தில் தேடினால் கொடைக்கானல், குற்றாலம் என்றே வருகிறது.
- வாசகர், திருநகர்

பதில்: மலையையும் அருவியையும் தேடினால் அப்படித்தான் வரும். கண்மாயைத் தேடுங்கள். மதுரையைச் சுற்றி எந்தத் திசையில் போனாலும் கண்மாய் இல்லாத ஊரைப் பார்ப்பது அபூர்வம், கண்மாய் இருந்தால் கரை இருக்கும், நடப்பதற்கு அதைவிட நல்ல இடத்தை யாரும் புதிதாகக் கட்டித்தர முடியாது. கரை உயரமாக இருக்கும், மேலே சமதளமாக இருக்கும், பல இடங்களில் வண்டி போகிற அகலம் இருக்கும், வரிசையாகப் பனை நிற்கும். ஒரு பக்கம் தண்ணீர், இன்னொரு பக்கம் தாழ்வாக வயல், இரண்டையும் ஒரே சமயத்தில் பார்த்துக்கொண்டு நடக்கலாம்.

கைபேசியில் செயற்கைக்கோள் படத்தைத் திறந்து பாருங்கள். கண்மாய் பெரும்பாலும் பிறை வடிவத்தில் தெரியும். வளைந்த பக்கம்தான் கரை, அதற்கு வெளியே கட்டம் கட்டமாக வயல் இருக்கும். எதிர்ப்பக்கத்துக்குக் கரை கிடையாது, தண்ணீர் வருகிற பக்கம் அது, அங்கே போனால் சேறும் சீமைக் கருவேல முள்ளும்தான். கரையில் நடக்கும்போது மடையைப் பார்ப்பீர்கள், அது வயலுக்குத் தண்ணீர் விடுகிற வழி. ஒரு கோடியில் கல் கட்டிய கலுங்கு இருக்கும், கண்மாய் நிரம்பினால் மிச்சத் தண்ணீர் அதன் வழியாக மறுகால் பாய்ந்து அடுத்த ஊர்க் கண்மாய்க்குப் போகும். அந்த மறுகால் ஓடையை ஒட்டி ஒத்தையடிப் பாதையோ வண்டிப் பாதையோ இருந்தால் அதைப் பிடித்து நடங்கள், அடுத்த ஊர்க் கண்மாயில் கொண்டுபோய் விடும். ஒரு ஊரில் இறங்கி அடுத்த ஊரில் பஸ் ஏறுகிற நடைக்கு இதைவிட நல்ல வழிகாட்டி எனக்குத் தெரியாது. நம் முன்னோர் தண்ணீருக்காகப் போட்ட வழி, நாம் அதில் நடக்கிறோம், அவ்வளவுதான்.

ஐப்பசி மழைக்குப் பிறகு, கார்த்திகையிலிருந்து மாசி வரை போனால் தண்ணீர் இருக்கும். முக்குளிப்பான், நீர்க்காகம், நாமக்கோழி, அரிவாள் மூக்கன் எல்லாவற்றையும் பார்க்கலாம். சின்ன பைனாகுலர் இருந்தால் எடுத்துப் போங்கள். வரப்பில் நடக்க வேண்டி வந்தால் வயல்காரரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள். நடவு முடிந்த சமயத்தில் வரப்பு இளகிக் கிடக்கும், உங்கள் கால் பட்டுச் சரிந்தால் அவர்தான் மறுபடி மண் அணைக்க வேண்டும்.

கேள்வி: எட்டு வயதுப் பையனைக் கூட்டிக்கொண்டு கீழக்குயில்குடி சமணர் மலைக்குப் போகலாமா?
- வாசகி, பழங்காநத்தம்

பதில்: தாராளமாக. நகரத்திலிருந்து பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர்தான். அடிவாரத்தில் தாமரைக்குளம், அய்யனார் கோயில், பெரிய ஆலமரங்கள். மலை ஏறாமல் அங்கேயே இருந்துவிட்டு வந்தாலும் அது நல்ல காலைப் பொழுதுதான். ஏற முடிந்தால் பேச்சிப்பள்ளம் வரை படியில் போகலாம். சுனைக்குப் பக்கத்தில் பாறையில் வரிசையாகத் தீர்த்தங்கரர்கள், பாகுபலி எல்லோரும் இருக்கிறார்கள், சிற்பங்களுக்குக் கீழே வட்டெழுத்து. ஆயிரம் வருடத்துக்கு முந்தைய எழுத்து அது, செய்வித்தவர்களின் பெயர்களைச் சொல்கிறது. பையனை அதன் முன்னால் உட்காரவைத்து எந்த எழுத்தாவது தெரிந்த மாதிரி இருக்கிறதா என்று கேளுங்கள், நேரம் போவதே தெரியாது. மலையின் இன்னொரு பக்கம் செட்டிப்புடவு. குகைக்குள் தலையைத் தூக்கிப் பார்த்தால், யானை மேல் வருகிறவனோடு சிங்கத்தில் ஏறிச் சண்டை போடும் யட்சி என்கிற சமணப் பெண் தெய்வம் இருக்கிறாள், பிள்ளைகளுக்கு ரொம்பப் பிடிக்கும்.

ஒன்றே ஒன்று. ஒன்பது மணிக்குள் இறங்கிவிடுங்கள், மொட்டைப் பாறை, வெயில் ஏறினால் தாங்காது. மழை பெய்த மறுநாளும் வேண்டாம், வழுக்கும். பாறையில் பெயர் கிறுக்குகிற பழக்கம் இன்னும் போகவில்லை, பார்க்கும்போது மனசு ஆறவில்லை. பையனுக்கு இப்போதே சொல்லிக்கொடுங்கள்.

கேள்வி: அரிட்டாபட்டிக்குள் வெளியூர்க்காரர்களை விடுகிறார்களா?
- வாசகர், அண்ணா நகர், மதுரை

பதில்: விடுகிறார்கள், ஆனால் ஊர்க்காரர்களைக் கேட்டுக்கொண்டு போவதுதான் மரியாதை. 2022 நவம்பரில் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்ட இடம். 2024 இறுதியில் டங்ஸ்டன் சுரங்க ஏலம் என்ற செய்தி வந்ததும் சுற்றுவட்டார மக்கள் திரண்டு போராடி, 2025 ஜனவரியில் மத்திய அரசு அந்த ஏலத்தை ரத்து செய்யும்வரை விடவில்லை. அந்த மண் இப்படி நமக்கு மிச்சமாக இருப்பதே அவர்களால்தான், அதை நினைவில் வைத்துக்கொண்டு கால் வையுங்கள். முற்காலப் பாண்டியர் குடைவரைச் சிவன் கோயில் வரை நடை எளிது, அங்கே சிவனின் ஒரு வடிவமான இலகுலீசர் சிற்பத்தைத் தவறவிடாதீர்கள். சமணத் துறவிகளின் கல் படுக்கைக்கும் தமிழி என்கிற பழந்தமிழ் எழுத்தில் உள்ள கல்வெட்டுக்கும் கொஞ்சம் பாறை ஏற வேண்டும். வல்லூறும் ராசாளியும் கூடு வைக்கிற பாறைகள், அதனால் ட்ரோன், ஸ்பீக்கர் எதுவும் வேண்டாம். மேலூரிலிருந்து பஸ் உண்டு, ஆனால் குறைவு, திரும்பி வரும் பஸ் எத்தனை மணிக்கு என்று இறங்கும்போதே கண்டக்டரிடம் கேட்டுவிடுங்கள்.

கேள்வி: கோடையில் எங்கேதான் நடப்பது?
- வாசகி, செல்லூர்

பதில்: அழகர்கோவில். கோயிலிலிருந்து பழமுதிர்சோலை வழியாக நூபுர கங்கைக்குப் போகிற மலைச்சாலை தார்ச்சாலைதான், மரநிழல் நிறைய. ஏற்றம் என்றாலும் மெதுவாக ஏறிவிடலாம். முழங்காலுக்கு ஏறுவதைவிட இறங்குவதுதான் கஷ்டம், அதனால் நடந்து ஏறி, இறங்கும்போது வண்டியில் வாருங்கள், மாலைக்கு முன்பே கீழே வந்துவிடுங்கள். குரங்குகள் அதிகம். கையில் பிளாஸ்டிக் பை தெரிந்தாலே பிடுங்கிவிடும், தின்பண்டத்தை முதுகுப்பைக்குள் வைத்து ஜிப்பைப் போட்டுவிடுங்கள்.