பனியின் உயரமும் மழையின் அளவும்

கேள்வி: ‘ஒரே இரவில் 30 செ.மீ. பனி பெய்தது’ என்று செய்திகளில் படிக்கிறோம். அது மழையாகப் பெய்திருந்தால் எத்தனை மில்லிமீட்டர் பதிவாகியிருக்கும்?

பதில்: பத்துக்கு ஒன்று என்பது நெடுங்காலமாக வழங்கிவரும் தோராயக் கணக்கு. அதன்படி 30 செ.மீ. பனி உருகினால் 30 மி.மீ. நீர் கிடைக்க வேண்டும். அவசர மதிப்பீட்டுக்கு இது உதவும். அதற்குமேல் இதை நம்ப முடியாது. புதிதாக விழுந்த பனியின் கனஅளவில் பெரும்பகுதி காற்றுதான், அந்தக் காற்றின் பங்கோ பொழிவுக்குப் பொழிவு மாறுகிறது. உறைநிலையை ஒட்டிய வெப்பநிலையில் விழும் ஈரப்பனியில் 5 செ.மீ. உயரத்துக்கே 1 செ.மீ. நீர் இருக்கக்கூடும். மேகத்தினுள் வெப்பநிலை மைனஸ் 15 டிகிரி செல்சியஸை ஒட்டி இருந்தால், ஆறு கிளைகளாக விரியும் படிகங்கள் மிகுதியாக உருவாகி, கிளைகளுக்கிடையே நிறைய இடைவெளி விட்டுப் படிவதால், அதே 1 செ.மீ. நீருக்கு 20, சில வேளைகளில் 30 செ.மீ. பனி குவிந்துவிடும். ஆகவே நீங்கள் குறிப்பிடும் பனி 60 மி.மீ. மழைக்கும் சமமாகலாம், வெறும் 10 மி.மீ. மழைக்கும் சமமாகலாம். பலத்த காற்று வீசினால் கிளைகள் முறிந்து பனி நெருங்கிப் படியும் என்பதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

இதனால்தான் வானிலை நிலையங்கள் உயரத்தை மட்டும் குறித்துக்கொண்டு நிறுத்துவதில்லை. மழைமானியின் புனலை எடுத்துவிட்டு, வெளி உருளையில் பனியைச் சேகரித்து, அளந்து எடுத்த வெந்நீரை அதில் ஊற்றி உருக்கி, மொத்த நீரிலிருந்து ஊற்றிய அளவைக் கழித்துவிடுகிறார்கள். காற்றில் பனித்துகள்கள் மானியின் வாயில் விழாமல் தாண்டிப் பறந்துவிடுவதுதான் இம்முறையின் தீராத தொல்லை. மலைகளில் நீண்ட குழாயைப் பனியில் தரைவரை செலுத்தி, உள்ளே சிக்கிய பனியோடு சேர்த்து எடைபோடுகிறார்கள். இக்குழாயை 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் செம்மைப்படுத்திய ஜேம்ஸ் சர்ச், அமெரிக்காவின் நெவாடா பல்கலைக்கழகத்தில் செவ்வியல் இலக்கியப் பேராசிரியராக இருந்தவர் என்பது வியப்புக்குரியது.

கேள்வி: கூரைமேல் தேங்கும் பனியின் பாரத்தை உயரத்தைக் கொண்டு கணக்கிடலாமா?

பதில்: உயரம் மட்டும் போதாது, அடர்த்தியும் தெரிய வேண்டும். ஒரு சதுர மீட்டரில் 1 மி.மீ. நீர் என்றால் 1 லிட்டர், அதாவது 1 கிலோ. நாட்பட்டு இறுகி, ஒரு கனமீட்டருக்கு 300 கிலோ அடர்த்தியை எட்டிய பனி 50 செ.மீ. உயரம் நின்றால், சதுர மீட்டருக்கு 150 கிலோ பாரம் கூரைமேல் இருக்கிறது. அதன்மேல் மழையும் பெய்தால் பனி அந்த நீரில் ஒரு பகுதியைத் தன்னுள் பிடித்துவைத்துக்கொள்ளும். அப்போது உயரம் குறைந்துகொண்டே பாரம் ஏறும்.