பிரெக்ஸிட் சண்டை முடியட்டும் என்று காத்திருக்காதீர்கள்: ப்ரீ-செட்டில்ட் வாசகிக்கு ஒரு பதில்

ஹாரோவில் இருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். அவரும் கணவரும் பிரெஞ்சுப் பாஸ்போர்ட்காரர்கள், 2018 கடைசியில் பாரிஸின் லாச்சப்பலை விட்டு லண்டன் வந்தவர்கள், இருவருக்கும் ப்ரீ-செட்டில்ட் ஸ்டேட்டஸ், அதாவது இங்கே ஐந்து ஆண்டு நிறையாத ஐரோப்பியர்களுக்குத் தந்த தற்காலிக வதிவிட உரிமை. 2021இல் மகன் இங்கேயே பிறந்தான். 2022இல் அம்மாவுக்கு நோய் கடுமையானதால் இவர் எட்டு மாதம் பாரிஸில் நின்றிருக்கிறார். ஸ்டேட்டஸ் தானாக நீட்டிக்கப்பட்டது என்று ஹோம் ஆபீஸிலிருந்து (உள்துறை அமைச்சு) ஈமெயிலும் வந்துவிட்டது. வீட்டில்தான் பிரச்சினை. அக்காவின் கணவர், ஜெர்மன் பாஸ்போர்ட்காரர், "பிரிட்டன் எப்படியும் திரும்ப ஐரோப்பாவோட சேரும், அதுவரைக்கும் பொறு, சிட்டிசன்ஷிப்புக்கு ஏன் காசைக் கொட்டுறாய்" என்கிறாராம். 2016 வாக்கெடுப்பில் பிரெக்ஸிட்டுக்கு, அதாவது பிரிட்டன் ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டு விலகுவதற்கு வாக்களித்த பெரியப்பாவோ, "அடுத்த ஆட்சி வந்தால் உங்கள் எல்லாரையும் அனுப்பிவிடுவான்" என்கிறாராம். யாருடைய பேச்சைக் கேட்டு என்ன செய்வது என்பது கேள்வி.

முதலில் பதிலைச் சொல்லிவிடுகிறேன். இரண்டு பேரின் பேச்சையும் கேட்டு எதையும் முடிவு செய்யாதீர்கள். நிரந்தர வதிவிட உரிமையான செட்டில்ட் ஸ்டேட்டஸுக்கு இந்த வாரமே விண்ணப்பியுங்கள், அதற்குக் கட்டணம் கிடையாது. அது கிடைத்ததும் மகனைப் பிரிட்டிஷ் பிரஜையாகப் பதியுங்கள். உங்கள் சிட்டிசன்ஷிப்பை அதற்குப் பிறகு நிதானமாகப் பார்க்கலாம்.

அத்தான் சொல்வதைப் பார்ப்போம். மக்கள் மனம் மாறியிருக்கிறது என்பது உண்மைதான், விலகியது தவறு என்று சொல்பவர்கள்தான் சில ஆண்டுகளாகவே கருத்துக்கணிப்புகளில் அதிகம். ஆனால் மனம் மாறுவதும் நாடு மீண்டும் சேருவதும் ஒன்றல்ல. ஐரோப்பிய ஒன்றிய ஒப்பந்தத்தின் 49ஆவது பிரிவின்படி புதிதாக ஒரு நாடு சேர வேண்டுமானால் 27 உறுப்பு நாடுகளும் ஒருமனதாகச் சம்மதிக்க வேண்டும், ஐரோப்பிய நாடாளுமன்றம் ஒப்புக்கொள்ள வேண்டும், பிறகு ஒவ்வொரு நாடும் தன் வழக்கப்படி அதை உறுதிசெய்ய வேண்டும். ஒரே ஒரு நாடு முடியாது என்றாலும் கதை அங்கேயே நின்றுவிடும். 1963இலும் 1967இலும் பிரிட்டன் சேர முயன்றபோது தடுத்தது பிரான்ஸின் அதிபர் டி கோல் ஒருவர்தான், கடைசியில் 1973 ஜனவரி 1ஆம் தேதிதான் பிரிட்டனால் உள்ளே போக முடிந்தது. உள்ளே இருந்த காலத்தில் யூரோ வேண்டாம், ஷெங்கன் (எல்லைச் சோதனை இல்லாத பயண ஏற்பாடு) வேண்டாம், கட்டும் பணத்தில் கொஞ்சம் திருப்பித் தா என்று பிரிட்டன் வாங்கி வைத்திருந்த சலுகைகள் இன்னொரு முறை கிடைக்கும் என்பதற்கும் உறுதி இல்லை. 2024இல் ஆட்சிக்கு வந்த லேபர் கட்சி, சிங்கிள் மார்க்கெட்டுக்கோ (ஒன்றியத்தின் பொதுச் சந்தை) கஸ்டம்ஸ் யூனியனுக்கோ (பொதுச் சுங்க வட்டாரம்) சுதந்திர நடமாட்டத்துக்கோ திரும்ப மாட்டோம் என்று தேர்தல் அறிக்கையிலேயே எழுதியிருந்தது. 2025 மே 19 லண்டன் உச்சி மாநாட்டில் பேசப்பட்டதெல்லாம் உணவுப் பொருள் சோதனையைக் குறைப்பது, மீன்பிடி உரிமை, இளைஞர்கள் சில காலம் வந்து போகும் திட்டம் போன்றவைதான். உங்கள் வதிவிட உரிமையை அதில் எதுவும் தொடவில்லை. அத்தான் ஆசைப்படுவது நடந்தாலும் அதற்குப் பல ஆண்டுகள் ஆகும், உங்கள் மகன் அதுவரை காத்திருக்க வேண்டியதில்லை.

பெரியப்பாவின் பேச்சைக் கொஞ்சம் விரிவாகப் பார்க்க வேண்டும், ஏனென்றால் அவர் கோபத்திலும் ஒரு நியாயம் இருந்தது, இன்றைய குழப்பத்தின் வேரும் அங்கேதான் இருக்கிறது. 2016 ஜூன் 23 வாக்கெடுப்பில் விலகலுக்கு 51.9 சதவீதம், தங்குவதற்கு 48.1 சதவீதம். அந்த வாக்கெடுப்பில் இங்கே வாழ்ந்த இலங்கை, இந்தியப் பிரஜைகள் காமன்வெல்த் நாட்டவர் என்ற முறையில் வாக்களிக்கலாம். பிரெஞ்சு, ஜெர்மன் பாஸ்போர்ட் வைத்திருந்தவர்கள் எத்தனை ஆண்டு வரி கட்டியிருந்தாலும் வாக்களிக்க முடியாது, ஐரோப்பியர்களில் ஐரிஷ், மால்டா, சைப்ரஸ் பிரஜைகளுக்கு மட்டும்தான் அந்த வாய்ப்பு. ஒரே வீட்டில் சோறு தின்றவர்களில் பெரியப்பாவுக்கு வாக்கு இருந்தது, அத்தானுக்கு இருந்திருக்காது. இந்தக் காயம் இன்னும் பல குடும்பங்களில் ஆறவில்லை.

பெரியப்பா போன்றவர்கள் விலகலுக்கு ஏன் வாக்களித்தார்கள்? யாழ்ப்பாணத்திலிருந்து மனைவியைக் கூப்பிட வேண்டுமானால் பிரிட்டிஷ் பிரஜையாகிய அவர்கள் வீட்டுப் பிள்ளை 2012 ஜூலை முதல் ஆண்டுக்கு 18,600 பவுண்டு சம்பளம் காட்ட வேண்டியிருந்தது. டென்மார்க்கிலிருந்தோ பிரான்ஸிலிருந்தோ ஐரோப்பியப் பாஸ்போர்ட்டோடு வந்த தமிழ்ப் பையன், இங்கே வேலையில் இருந்தால், அந்தக் கணக்கு இல்லாமலேயே மனைவியைக் கூப்பிடலாம். இது அநியாயம் என்று அவர்கள் நினைத்ததில் தப்பில்லை. ஐரோப்பியர்களுக்குத் தனிக் கதவு போனால் எங்களுக்கும் ஒரே மாதிரிக் கதவு திறக்கும் என்று நம்பினார்கள், பிரச்சாரம் செய்தவர்களும் அப்படித்தான் சொன்னார்கள். நடந்தது என்ன? ஐரோப்பியர்களின் கதவு மூடியது, 2024 ஏப்ரலில் அந்த 18,600 பவுண்டு 29,000 பவுண்டாக உயர்ந்தது. பெரியப்பாவோடு பேசும்போது இதை நினைவில் வைத்துப் பேசுங்கள், அத்தான் அவரை இனவெறியர் என்று சொன்னால் அது சரியில்லை.

சரி, அவர் உங்களைப் பயமுறுத்தும் விஷயத்துக்கு வருவோம். 2025 செப்டம்பரில் ரிஃபார்ம் கட்சி ஐஎல்ஆர் எனப்படும் நிரந்தர வதிவிட அனுமதியையே ஒழிப்போம் என்று அறிவித்தது உண்மை. ஆனால் உங்கள் ஸ்டேட்டஸ் சாதாரண ஐஎல்ஆர் போன்றதல்ல. பிரிட்டன் 2020 ஜனவரி 31 இரவு விலகியபோது ஐரோப்பிய ஒன்றியத்தோடு செய்துகொண்ட விலகல் ஒப்பந்தத்தில், 2020 டிசம்பர் 31க்குள் இங்கே வாழ வந்தவர்களின் உரிமை எழுதப்பட்டிருக்கிறது. ஸ்பெயினிலும் பிரான்ஸிலும் வாழும் லட்சக்கணக்கான பிரிட்டிஷ்காரர்களின் உரிமையும் அதே ஒப்பந்தத்தில்தான் இருக்கிறது. எந்த ஆட்சியும் ஒரு பக்கத்தை மட்டும் கிழித்துவிட முடியாது. 2022 டிசம்பரில் லண்டன் உயர்நீதிமன்றம் இந்த ஒப்பந்தத்தை வைத்துத்தான், ப்ரீ-செட்டில்ட் வைத்திருப்பவர் இரண்டாவது முறை விண்ணப்பிக்கவில்லை என்பதற்காக உரிமையை இழப்பது சட்டவிரோதம் என்று தீர்ப்பளித்தது. உங்களுக்கு வந்த நீட்டிப்பு ஈமெயில் அந்தத் தீர்ப்பின் பலன்.

இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். நீட்டிப்பு வந்துவிட்டது, வேலை முடிந்தது என்று இருந்துவிடுகிறார்கள். நீட்டிப்பு என்றால் அதே ப்ரீ-செட்டில்ட் இன்னும் கொஞ்ச காலத்துக்கு ஓடும், அவ்வளவுதான். 2025 ஜனவரி முதல் தகுதியானவர்களை ஹோம் ஆபீஸ் தானாகவே செட்டில்ட் ஆக்கி வருகிறது, ஆனால் அது வரி, பெனிஃபிட் (அரசு உதவித்தொகை) பதிவுகளைப் பார்த்துச் செய்வது. பிள்ளையைப் பார்த்துக்கொண்டு வீட்டில் இருந்த தாய்மாரின் பெயர் அந்தப் பதிவுகளில் சரியாக இருக்காது. நீங்களே விண்ணப்பியுங்கள்.

எட்டு மாதம் பாரிஸில் நின்றதை நினைத்துப் பயப்படுகிறீர்கள். முன்பு அது சிக்கல்தான், எந்தப் பன்னிரண்டு மாதத்திலும் ஆறு மாதத்துக்கு மேல் வெளியே நின்றால் செட்டில்ட் கிடைக்கத் தேவையான ஐந்து ஆண்டுத் தொடர்ச்சி அறுந்துவிடும் என்பது பொதுவிதி. 2025 ஜூலை 16 முதல் ப்ரீ-செட்டில்ட் வைத்திருப்பவர்களுக்கு இன்னொரு வழி இருக்கிறது: கடைசி 60 மாதங்களில் மொத்தம் 30 மாதங்கள் இங்கே இருந்திருந்தால் போதும். உங்கள் எட்டு மாதத்தைக் கழித்தாலும் தாராளமாக மிஞ்சும். ஜிபி (குடும்ப மருத்துவர்) பதிவு, கவுன்சில் டாக்ஸ் பில், பேங்க் ஸ்டேட்மெண்ட், மகனின் நர்சரிக் கடிதம், உங்கள் பெயரும் முகவரியும் உள்ள எதையும் எடுத்து வையுங்கள்.

அடுத்து மகன். இதை நீங்கள் கேட்கவே இல்லை, ஆனால் உங்கள் கடிதத்தில் என் கண்ணில் முதலில் பட்டது இதுதான். இங்கே பிறந்தால் பிரிட்டிஷ் என்று நினைத்துக்கொண்டிருக்கும் பெற்றோர் நிறையப் பேர். 1983 முதல் அப்படி இல்லை. பிறக்கும்போது தாயோ தகப்பனோ பிரிட்டிஷ் பிரஜையாகவோ நிரந்தர வதிவிடம் உள்ளவராகவோ இருந்தால்தான் பிள்ளை பிறப்பிலேயே பிரிட்டிஷ். நீங்கள் இருவரும் அப்போது ப்ரீ-செட்டில்ட், ஆகவே அவன் பிரெஞ்சுப் பிரஜை மட்டும்தான். அவனுக்குத் தனியாக ஸ்டேட்டஸ் எடுத்தீர்களா என்று இன்றைக்கே பாருங்கள், எடுக்கவில்லை என்றால் தாமதத்துக்குக் காரணம் எழுதி உடனே விண்ணப்பியுங்கள். உங்களில் ஒருவருக்குச் செட்டில்ட் கிடைத்ததும் எம்என்1 படிவத்தில் அவனைப் பிரிட்டிஷ் பிரஜையாகப் பதியலாம். 2025இல் அதற்குச் சுமார் 1,200 பவுண்டு ஆனது. பெரிய காசுதான், ஆனால் என்னைக் கேட்டால் உங்கள் சிட்டிசன்ஷிப்புக்கு முன்னால் இதற்கே செலவழியுங்கள்.

உங்கள் சிட்டிசன்ஷிப்புக்குச் செட்டில்ட் கிடைத்த நாளிலிருந்து 12 மாதம் பொறுக்க வேண்டும். அந்த நேரத்தில் பிரிட்டனின் வரலாறு, வாழ்க்கை பற்றிய லைஃப் இன் தி யூகே பரீட்சையை முடியுங்கள், 24 கேள்வியில் 18 சரியாக வந்தால் போதும். ஆங்கிலத்துக்கு பி1 (இடைநிலை) தரம் தேவை. கவனிக்க வேண்டியது நாள் கணக்கு: ஐந்து ஆண்டில் 450 நாளுக்கு மேல் வெளியே இருந்திருக்கக் கூடாது, கடைசி ஆண்டில் 90 நாளுக்கு மேல் கூடாது. விண்ணப்பிக்கும் நாளிலிருந்து சரியாக ஐந்து ஆண்டுக்கு முந்திய அதே தேதியில் நீங்கள் பிரிட்டனில் இருந்திருக்கவும் வேண்டும். அந்தத் தேதி பாரிஸில் நின்ற எட்டு மாதத்துக்குள் விழுந்தால் அந்தக் காலத்தைத் தாண்டும்வரை தள்ளி விண்ணப்பியுங்கள். கட்டணம் 1,600 பவுண்டுக்கு மேல். அத்தான் வீண் செலவு என்கிறார், நான் அப்படிச் சொல்ல மாட்டேன். நாடாளுமன்றத் தேர்தலிலோ இப்படி இன்னொரு வாக்கெடுப்பிலோ உங்களுக்கு ஒரு வாக்கு வேண்டுமானால் இதுதான் வழி. உள்ளாட்சித் தேர்தல் வாக்கு உங்களுக்கு இப்போதே இருக்கிறது, 2021க்கு முன் வந்தவர் என்பதால்.

பிரான்ஸ் இரட்டைக் குடியுரிமையை அனுமதிக்கிறது, ஜெர்மனியும் 2024 ஜூன் 27 முதல் அனுமதிக்கிறது, ஆகவே அத்தானும் தயங்க வேண்டியதில்லை. இதைப் படிக்கும் டச்சுப் பாஸ்போர்ட்காரர்கள் மட்டும் அவசரப்படாதீர்கள். சில விலக்குகள் தவிர, பிரிட்டிஷ் ஆனதுமே டச்சுக் குடியுரிமை போய்விடும். அதோடு, பிரிட்டிஷ் ஆனால், உங்களை நம்பி வாழும் தாய் தகப்பனை விலகல் ஒப்பந்தத்தின் கீழ் கூப்பிடும் உரிமையும் போகலாம், வழக்கறிஞர் ஒருவரிடம் கேட்காமல் படிவத்தில் கை வைக்காதீர்கள். உங்கள் அம்மாவைக் கூப்பிடும் எண்ணம் இருந்தால் அவருக்கு மாதாமாதம் பணம் அனுப்பிய ரசீதுகளை இப்போதிருந்தே சேர்த்து வையுங்கள், நம்பி வாழ்கிறார் என்பதை நிரூபிக்க வேண்டியிருக்கும்.

இன்னும் ஒன்று. உங்கள் ஸ்டேட்டஸ் கையில் காட்டும் அட்டை அல்ல, எல்லாம் இணையத்தில்தான். அதை மற்றவர் இணையத்தில் பார்க்க நீங்கள் கொடுப்பது ஷேர் கோட் என்ற குறியீடு: வேலைக்கு டபிள்யூவில் தொடங்குவது, வீட்டு வாடகைக்கு ஆரில் தொடங்குவது, ஒவ்வொன்றும் 90 நாள் செல்லும். பிரெஞ்சுப் பாஸ்போர்ட்டைப் புதுப்பித்த அன்றே உங்கள் ஸ்டேட்டஸ் இருக்கும் இணையக் கணக்கில் புது பாஸ்போர்ட் இலக்கத்தை மாற்றுங்கள், இல்லையென்றால் திரும்பி வரும்போது பாரிஸின் காரே து நோர் ரயில் நிலையக் கவுண்டரில் உங்கள் பெயருக்கு எதிரே எதுவும் தெரியாமல் போகலாம். மகன் பிரிட்டிஷ் ஆன பிறகு அவனுக்குப் பிரிட்டிஷ் பாஸ்போர்ட் எடுக்காமல் பாரிஸுக்குக் கூட்டிப் போகாதீர்கள். 2026 பிப்ரவரி 25 முதல் இரட்டைக் குடியுரிமை உள்ளவர்கள் திரும்பி வரும்போது பிரிட்டிஷ் பாஸ்போர்ட்டையோ, பிரிட்டனில் வாழும் உரிமைச் சான்றிதழையோ கேட்கிறார்கள், பிரெஞ்சுப் பாஸ்போர்ட்டை மட்டும் காட்டினால் ஏற்றாமல் விடக்கூடும்.