எலும்புக்கூடுகளிடம் ஆறாவது சுற்றில் தோற்பது ஏன்?

நண்பரே, வெஸ்நாத் என்ற கணினிப் போர் விளையாட்டில் புதிதாகச் சேர்த்த கேம்பெயினின் (கட்டம் கட்டமாக ஆடும் கதையின்) மூன்றாம் கட்டத்தில் ஒவ்வொரு முறையும் ஐந்து, ஆறாவது சுற்றில் உங்கள் ஈட்டிப் படை அழிகிறது என்று எழுதியிருந்தீர்கள். ஆடிய பலரும் அந்தக் கட்டம் நியாயமே இல்லை என்கிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. கடினம்தான், ஆனால் வழி இருக்கிறது.

ஆட்டம் விடியலில் தொடங்கினால் ஐந்தும் ஆறும் இரவுச் சுற்றுகள். அப்போது உங்கள் ஆட்களின் பலம் 25% குறையும், எதிரிக்கு 25% கூடும். அதோடு எலும்புக்கூடு குத்தும் ஆயுதத்தில் 60% அடியைத் தாங்கிவிடும். ஆக, ஈட்டிக்காரரின் 7 என்ற அடி இரவில் வெறும் 2. எத்தனை ஈட்டிக்காரர்களை எடுத்தாலும் இதே கதிதான்!

கதாயுதம் வைத்திருக்கும் ஹெவி இன்ஃபன்ட்ரி இரண்டு பேரை எடுங்கள். எலும்புக்கு அந்த அடி 20% கூடுதலாக விழும், அதனால் இரவிலும் 10 வரும். நடை ரொம்ப மெதுவு, அதனால் முதல் சுற்றிலேயே எடுத்துவிடுங்கள். பின்னால் ஒரு மந்திரவாதி நிற்கட்டும். எதிரி எங்கே நின்றாலும் அவருடைய நெருப்பு படுவதற்கு 70% வாய்ப்பு உண்டு.

அப்புறம், நான்காவது சுற்றில் முன்னேறாதீர்கள். ஊர்களை ஒட்டி வரிசை கட்டி இரவைக் கடத்துங்கள், ஊரில் நிற்பவருக்குச் சுற்றுக்கு 8 உயிர்ப்புள்ளி திரும்பும். ஏழாவது சுற்றில் விடியும். எட்டில் பாயுங்கள்.

தங்கம் போதவில்லை என்றால் இரண்டாம் கட்டத்தைச் சீக்கிரம் முடித்துப் பாருங்கள். மிச்சமான சுற்றுகளுக்குப் போனஸ் உண்டு.