பூனை முகத்துத் தெய்வமும் ஒரு மூக்குத்தியும்

கேள்வி: ஐயா, என் மகளின் கைப்பேசி உறையில் காதணியும் மூக்குத்தியும் அணிந்த பூனைப் படம் இருக்கிறது. எகிப்தியத் தெய்வம் பாஸ்டெட் என்கிறாள். "மூக்குத்தியைப் பார், நம் மீனாட்சியம்மன்தான் அங்கே போயிருக்கிறாள்" என்று என் கொழுந்தனார் அடித்துச் சொல்கிறார். உண்மையா?
– வாசகி, திருமங்கலம்

பதில்: இல்லை, அம்மா. ஒரு மூக்குத்தியை வைத்து உறவு கொண்டாடினால் இரண்டு தெய்வங்களையும் நாம் சரியாகப் பார்க்கவில்லை என்றுதான் அர்த்தம்.

அந்தப் படம் லண்டன் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் உள்ள வெண்கலப் பூனையாக இருக்க வேண்டும். கி.மு. 600 வாக்கில் வார்த்தது. உயரம் 42 செ.மீ.தான். ஓவிய ஆசிரியராக இருந்த காலத்தில் அதைப் பலமுறை வரைந்து பார்த்திருக்கிறேன். காதும் மூக்கும் எளிதில் வந்துவிடும். கழுத்திலிருந்து முதுகு வழியாக இறங்கும் அந்த ஒரே கோடு மட்டும் இன்றுவரை எனக்குப் பிடிபடவில்லை. தூண்போல் நிற்கும் முன்கால்கள், தலையில் ஒரு வண்டு, மார்பில் சிறகு விரித்த இன்னொரு வண்டு, வெள்ளியில் காவல் கண். மாரியம்மன் கோயில் வாசலில் விற்கும் கண்மலரை எடுத்து அதன் மார்பில் பதித்ததுபோல இருக்கும். எக்ஸ்ரேயில் பார்த்தால் உள்ளே விரிசல், ஒட்டிச் சீர்செய்திருக்கிறார்கள். வெளியே அந்தக் கோடு குலையவில்லை.

பாஸ்டெட் முதலில் பூனையே அல்ல, பெண் சிங்கம். பூனை முகம் பிற்காலத்தில்தான் வந்தது. சிறு வெண்கலச் சிலைகளில் கையில் கிலுக்கோடு நிற்பாள். சிலவற்றில் காலடியில் குட்டிகள் இருக்கும். உறைகளில் அச்சடிக்கும் மயக்கும் பார்வையை அந்தச் சிற்பிகள் தரவில்லை. அவர்கள் செய்தது காவல் காக்கும் தாயை.

அவளுடைய ஊர் நைல் கழிமுகத்தில் இருந்த புபாஸ்டிஸ். கி.மு. 5-ஆம் நூற்றாண்டில் எழுதிய கிரேக்க வரலாற்றாசிரியர் ஹெரோடோட்டஸ், அதன் திருவிழாவுக்கு ஆண்களும் பெண்களும் படகு படகாகப் போனதை விவரிக்கிறார். சில பெண்கள் தாளம் தட்ட, ஆண்கள் சிலர் குழல் ஊத, மற்றவர்கள் பாடிக் கைதட்டுவார்களாம். 7 லட்சம் பேர் கூடுவதாக உள்ளூர்க்காரர்கள் அவரிடம் சொல்லியிருக்கிறார்கள். அழகர் ஆற்றில் இறங்கும் நாளில் வைகைக் கரையில் நெருக்கடியில் நின்றவர்களுக்கு அந்தப் பக்கங்கள் சட்டென்று புரியும். ஒப்பிட வேண்டுமானால் இதை ஒப்பிடுங்கள்.

கேள்வி: பூனைகளைக் கும்பிட்டவர்கள் அவற்றைக் கொன்றார்களா?
– வாசகர், மேலூர்

பதில்: கொன்றார்கள். காணிக்கை செலுத்த வந்தவர்களுக்காகப் பூனைகளை வளர்த்து, இளம் வயதிலேயே கழுத்தை முறித்து, பதப்படுத்தித் துணியில் சுற்றியிருக்கிறார்கள். எழுதவே கை கூசுகிறது. 1890-இல் சுமார் 1,80,000 பூனை மம்மிகள் கப்பலில் லிவர்பூலுக்குப் போய் வயலுக்கு உரமாயின. அது இன்னொரு அவமானம்.

கேள்வி: அப்படியானால் தமிழருக்கும் எகிப்துக்கும் தொடர்பே இல்லையா?
– வாசகர், உசிலம்பட்டி

பதில்: ஏன் இல்லை? எகிப்தின் செங்கடல் கரையில் இருந்த பழைய துறைமுகமான குசெய்ர் அல் காதிமில் தமிழ் பிராமி எழுத்துள்ள பானை ஓடுகள் கிடைத்தன. கணன், சாதன் என்று பெயர்கள். அதே கரையில் இருந்த இன்னொரு துறைமுகமான பெரெனிகேயில், கோயில் வளாகத்தில் புதைந்திருந்த இந்தியச் சாடியில் சுமார் 7.5 கிலோ மிளகு இருந்தது. இவை அந்த வெண்கலப் பூனைக்குப் பல நூற்றாண்டு பிந்தியவை. சாதன் தன் பெயரைக் கீறிய பானை ஓடு கையில் இருக்கும்போது நமக்கு மூக்குத்தி எதற்கு?