ஒரே ரத்தத்துக்கு எதற்கு இத்தனை குழாய்கள்?

கேள்வி: என் தந்தையிடம் ஒரே ஊசியில் எடுத்த ரத்தத்தை வெவ்வேறு நிற மூடிகள் கொண்ட குழாய்களில் நிரப்பினார்கள். பிறகு, மாதிரி சிதைந்திருப்பதால் பொட்டாசியம் அளவைச் சொல்ல இயலாது, மீண்டும் ரத்தம் தர வேண்டும் என்றார்கள். இது ஆய்வகத்தின் கவனக்குறைவா?
– ஒரு வாசகி

பதில்: ரத்தம் எடுத்த விதத்தில் குறை இருந்திருக்கலாம், ஆனால் அந்த மாதிரியை வைத்து ஓர் எண்ணை எழுதித் தராமல் நிறுத்தினார்களே, அது பொறுப்பான செயல். சிவப்பணுக்களுக்குள் இருக்கும் பொட்டாசியத்தின் செறிவு வெளியே உள்ள நீர்மத்தில் இருப்பதைப் போல 20 மடங்குக்கும் மேல். மிக மெல்லிய ஊசியால் எடுத்தாலோ, சிரிஞ்சை வேகமாக இழுத்தாலோ, குழாயைக் குலுக்கினாலோ அந்த அணுக்கள் உடைந்து, உள்ளே இருந்த பொட்டாசியம் வெளியே கலந்துவிடுகிறது. ரத்தம் உறைந்த பின் பிரியும் நீர்மமான சீரம் வைக்கோல் நிறத்தில் இருக்க வேண்டும்; அப்போது அது இளஞ்சிவப்பாகத் தெரியும். அதை அப்படியே அளந்திருந்தால், இல்லாத ஓர் ஆபத்துக்காக உங்கள் தந்தைக்குச் சிகிச்சை தொடங்கப்பட்டிருக்கக்கூடும்.

இனி குழாய்கள். சீரம் தேவைப்படும் பரிசோதனைகளுக்கு ரத்தம் உறைய வேண்டும். அணுக்களை எண்ணுவதற்கோ அது உறையவே கூடாது. எனவே ஊதா மூடிக் குழாயில் இ.டி.டி.ஏ. என்ற உப்பு இருக்கிறது. அது ரத்தத்திலுள்ள கால்சியத்தைப் பிணைத்து உறைதலைத் தடுக்கிறது. உறையும் நேரத்தை அறிவதற்கான வெளிர்நீல மூடிக் குழாயில், உறைதலைத் தடுக்கும் சிட்ரேட் கரைசல் ஒரு பங்கும் ரத்தம் ஒன்பது பங்குமாக இருக்க வேண்டும் என்பதால், குறியிட்ட கோடு வரை நிரம்பாத குழாயை ஆய்வகம் ஏற்பதில்லை. நிரப்பும் வரிசையும் முக்கியம். இ.டி.டி.ஏ. பெரும்பாலும் பொட்டாசியம் உப்பாகவே சேர்க்கப்படுவதால், சீரம் குழாய்க்குள் அது சிறிதளவு போனாலும் பொட்டாசியம் கூடுதலாகவும் கால்சியம் குறைவாகவும் காட்டும். ஆகவே சீரம் குழாயை முதலில் நிரப்பிவிட்டே ஊதாக் குழாய்க்குச் செல்கிறார்கள்.

சீரம் குழாயை நிமிர்த்தி வைத்து, முழுமையாக உறைவதற்கு ஏறத்தாழ 30 நிமிடம் காத்திருந்த பின்னரே சுழற்றிப் பிரிக்க வேண்டும். அவசரப்பட்டால், ரத்தம் உறையும்போது உருவாகும் ஃபைப்ரின் என்ற புரத இழைகள் சீரத்தில் தங்கி, கருவியின் உறிஞ்சு முனையை அடைத்துவிடும். அதிகமாகத் தாமதித்தாலும் கேடுதான். பொதுவாக 2 மணி நேரத்துக்குள் சீரத்தைப் பிரித்துவிட வேண்டும். பிரிக்காத ரத்தத்தைக் குளிர்பெட்டியில் வைத்தால் பாதுகாப்பு என்று பலர் நம்புகிறார்கள். பொட்டாசியத்தைப் பொறுத்தவரை அது தவறு: பொட்டாசியத்தை அணுவுக்குள் தக்கவைக்கும் இயக்கம் குளிரில் தளர்ந்துவிடுவதால், அணு உடையாமலேயே அது வெளியே கசிகிறது.

அடுத்த முறை ரத்தம் கொடுக்கும்போது கை விரல்களைத் திரும்பத் திரும்ப மடக்கி விரிக்க வேண்டாம் என்று தந்தையிடம் சொல்லுங்கள். அதனாலும் பொட்டாசியம் கூடும். குழாயில் அவருடைய பெயரை அவர் கண்ணெதிரிலேயே எழுதச் சொல்லுங்கள். மற்ற எல்லாம் சரியாக இருந்து பெயர் மட்டும் மாறிவிட்டால், அந்தப் பிழையை எந்தக் கருவியும் காட்டித் தராது.

கேள்வி: சர்க்கரை அளவு பார்க்க எடுத்த ரத்தம் ஆய்வகத்தைச் சேரத் தாமதமானால் முடிவு மாறுமா?
– ஒரு வாசகர்

பதில்: மாறும். குழாய்க்குள்ளும் அணுக்கள் சர்க்கரையைச் செலவழிப்பதால், அறை வெப்பத்தில் மணிக்குச் சுமார் 5 முதல் 7 விழுக்காடு வரை அளவு குறைகிறது. சாம்பல் நிற மூடிக் குழாயிலுள்ள ஃபுளோரைடு இதைத் தடுக்கிறது. ஆனால் அது முழுமையாகச் செயல்பட ஓரிரு மணி நேரம் ஆகும். ஆகவே இந்தக் குழாயில் எடுத்தாலும், விரைவாகச் சேர்த்து, பிளாஸ்மாவை (உறையாத ரத்தத்தின் நீர்மப் பகுதியை) அணுக்களிலிருந்து பிரித்துவிடுவதே நல்லது.