கோப்பைத் திறந்ததும் அன்டூ செய்தால் பழைய கோப்பு ஏன் வருகிறது?

கோட்மிரர் 5 (பிரவுசரில் ஓடும் கோட் எடிட்டர் கட்ட உதவும் ஜாவாஸ்கிரிப்ட் லைப்ரரி) வைத்து எடிட்டர் கட்டியிருக்கிறீர்கள். இரண்டாவது கோப்பைத் திறந்து, ஒரு எழுத்துகூட அடிக்காமல் கண்ட்ரோல்+இசட் அழுத்தினால் முதல் கோப்பின் வரிகள் வந்து நிற்கின்றன. இதுதானே கேள்வி?

இதை உடனே சரிசெய்யுங்கள். பார்க்கச் சின்னக் கோளாறு, ஆனால் ஆட்டோசேவ் இருந்தால் கோப்பே போய்விடும். நான் எழுதிய ஒரு எடிட்டரில் இது நடந்தது. கூட வேலை செய்பவர் சர்வர் கான்ஃபிக் கோப்பைத் திறந்தார், பழக்கத்தில் அன்டூ அழுத்தினார். திரையில் முந்தைய டேபில் இருந்த சிஎஸ்எஸ் வந்தது. டேபின் தலைப்பில் கான்ஃபிக் கோப்பின் பெயர்தான் இருந்தது. அவர் நிமிர்ந்து என்னைக் கூப்பிடுவதற்குள் அந்தப் பெயரிலேயே சிஎஸ்எஸ் சேமிக்கப்பட்டுவிட்டது. கோப்பின் பழைய பதிப்புகளைச் சேர்த்து வைக்கும் கிட்டில் (Git) பழைய பிரதி இருந்ததால் தப்பித்தோம்.

காரணம் இதுதான்: எடிட்டரின் உள்ளடக்கத்தை மாற்றும் செட்வேல்யூவை (setValue) அழைத்தால் நமக்கு அது கோப்பைத் திறப்பது. எடிட்டருக்கோ, இருந்ததை எல்லாம் அழித்துவிட்டுப் புதிதாக ஒட்டிய ஒரு திருத்தம். மற்றத் திருத்தங்களைப் போலவே அதுவும் அன்டூ வரலாற்றில் ஏறிவிடும். எடிட்டரை உருவாக்கும்போதே கொடுக்கும் உள்ளடக்கம் அப்படி ஏறாது. அதனால்தான் ஒரே கோப்பை வைத்துச் சோதித்தால் எல்லாம் ஒழுங்காகத் தெரிகிறது.

செட்வேல்யூவுக்கு அடுத்த வரியில், அந்த வரலாற்றைத் துடைக்கும் கிளியர்ஹிஸ்டரி (clearHistory) போட்டால் பிரச்சினை நின்றுவிடும். முன்னால் போட்டால் பயனில்லை. கூடவே, 'இன்னும் திருத்தவில்லை' என்று குறிக்கும் மார்க்கிளீன் (markClean) சேருங்கள். இல்லாவிட்டால் கோப்பு மாறியதா என்று பார்க்கும் இஸ்கிளீன் (isClean), இப்போதுதான் திறந்த கோப்பையும் 'மாறியிருக்கிறது' என்று சொல்லும்.

டேப்கள் இருந்தால் இது போதாது. டேப் மாறும்போதெல்லாம் வரலாற்றைத் துடைத்தால், அரை மணி நேரம் திருத்தியவர் திரும்பி வந்து ஒரு படிகூடப் பின்னால் போக முடியாது. கோப்புக்கு ஒரு டாக் (Doc, எடிட்டரில் மாற்றி மாற்றிப் போடக்கூடிய ஆவணம்) உருவாக்கி வைத்துக்கொண்டு, டேப் மாறும்போது ஸ்வாப்டாக் (swapDoc) செய்யுங்கள். ஒவ்வொரு டாக்கும் தன் வரலாற்றைத் தானே வைத்திருக்கும். என் எடிட்டரை இப்படித்தான் மாற்றி எழுதினேன்.

கோட்மிரர் 6-இல் செட்வேல்யூவே கிடையாது. கோப்புக்கு ஒரு எடிட்டர்ஸ்டேட் (EditorState, உள்ளடக்கமும் வரலாறும் சேர்ந்த நிலை) உருவாக்கி, டேப் மாறும்போது செட்ஸ்டேட்டில் (setState) கொடுங்கள். விட்டுப்போகும் டேபின் அப்போதைய ஸ்டேட்டை முதலில் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், அதை மறந்தால் அடித்ததெல்லாம் போய்விடும்.

சரிசெய்த பிறகு ஒரு சோதனை: இரண்டு கோப்புகளைத் திறந்து இரண்டிலும் ஒரு வரி அடியுங்கள். அப்புறம் மாறி மாறிப் போய் கண்ட்ரோல்+இசட்டை விடாமல் அழுத்துங்கள். ஒவ்வொன்றும் திறந்தபோது இருந்த நிலையில் வந்து நிற்க வேண்டும்.